போரும் பொதுமக்களும்



போர் என்று சொன்னதும் நம் மனக்கண் முன் தோன்றுவது துப்பாக்கி ஏந்திய வீரனும், பீரங்கியும், குண்டு போடும் விமானமும்தான். ஆனால் நம் தோட்டப்புறங்களில் மூத்தவர்கள் சொல்லிச் சென்ற போர்க்கதைகளில் துப்பாக்கி குறைவு. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, வேட்டிக்குப் பதில் சாக்குத் துணி, மதிப்பிழந்துபோன வாழைமர நோட்டு, இவைதாம் அந்தக் கதைகளில் வரும். கதையின் முடிவில் பெரும்பாலும் ஒரே ஒரு வரி இருக்கும்: "சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை."

போனவர் போர்வீரர் அல்லர். அவர் கையில் பால் வெட்டும் உளி இருந்ததே தவிர ஆயுதம் இருந்ததில்லை. எந்த அரசுக்கும் எதிராக அவர் போர் அறிவிக்கவில்லை. இருந்தும் போர் அவரைத் தேடி வந்தது, கொண்டுபோய்க் கொன்றது. ஆயுதம் ஏந்தாத மனிதனைப் போர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. புறநானூற்றில் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் என்னும் புலவர் பாடியிருக்கிறார். அம்பு எய்வதற்கு முன்னே பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டுப் போர் தொடுப்பவன் இவன் என்பது அந்தப் பாட்டின் கருத்து. நம் மேடைகளில் பலமுறை எடுத்துக் காட்டப்படும் பாட்டு இது. ஆனால் அதே புலவர், அதே மன்னனைப் பாடிய இன்னொரு பாட்டும் அதே நூலில் இருக்கிறது. பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததும், விளைந்த வயல்களில் தேரை ஓட்டி அழித்ததும் அங்கே வீரமாகப் போற்றப்படுகின்றன. வயல் அழிந்தால் பட்டினி கிடப்பவர் யார்? படைத்தலைவரா? இல்லை, உழுதவரும் அவர் பிள்ளைகளும்தாம். ஒருபுறம் எளியோரைக் காக்க வேண்டும் என்ற அறம். மறுபுறம் வெற்றிக்காக எதையும் செய்யலாம் என்ற வெறி. இவை இரண்டும் ஒரே மன்னனின் புகழாகப் பாடப்பட்டன. உலக வரலாறு முழுவதிலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டே வந்திருக்கின்றன.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், இத்தாலியின் வடபகுதியில் சோல்ஃபெரினோ என்னும் ஊரருகே பெரும் போர் நடந்தது. ஒருபுறம் பிரெஞ்சுப் படையும் சார்டீனியப் படையும், மறுபுறம் ஆஸ்திரியப் படை. மாலையில் போர் ஓய்ந்தபோது ஆயிரக்கணக்கான வீரர்கள் காயம்பட்டுக் கிடந்தார்கள். தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. அந்த வழியாக வந்த ஹென்றி டுனாண்ட் என்னும் சுவிட்சர்லாந்து வணிகர் இதைக் கண்டு துடித்தார். பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயின் பெண்கள் ஓடிவந்து, நம்மவன், எதிரி என்று பார்க்காமல் எல்லாருடைய காயங்களையும் கழுவிக் கட்டினார்கள். டுனாண்டும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். 1862இல் தாம் கண்டதை நூலாக எழுதினார். அதன் பயனாகச் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் உண்டாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உடன்படிக்கை யாரைக் காத்தது? போர்க்களத்தில் காயம்பட்ட வீரர்களை. வீரனுக்குத் தண்ணீர் கொடுத்து, தன் சேலையைக் கிழித்துக் காயம் கட்டும் ஊர்ப்பெண்ணுக்கே போரினால் ஆபத்து வந்தால் யார் காப்பது? இந்தக் கேள்விக்கு முழுமையான விடை எழுதப்பட 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர்ச் சட்டம் முதலில் வீரனைத்தான் மனிதனாகக் கண்டது.

இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1907இல் ஹேக் நகரில் பல நாடுகள் கூடிப் போர் விதிகளை வகுத்தன. ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்ட படை அந்நாட்டு மக்களின் உயிரையும், குடும்ப மானத்தையும், உடைமையையும் மதிக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. மக்களிடம் வேலை வாங்கலாம். ஆனால் அது தம் நாட்டுக்கு எதிரான போர்வேலையாக இருக்கக்கூடாது என்றும் கூறின. ஜப்பானும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனால் பொதுமக்களைப் பற்றிய பகுதி சில வரிகளே.

முதல் உலகப் போருக்குப் பிறகு, பொதுமக்களுக்கென்றே தனி உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. செஞ்சிலுவைச் சங்கம் அதற்கு ஒரு வரைவு எழுதியது. அந்த வரைவு 1934ஆம் ஆண்டு அனைத்துலகச் செஞ்சிலுவை மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த மாநாடு நடந்த நகரம் எது தெரியுமா, நேயர்களே? டோக்கியோ! அதனால் அதற்கு டோக்கியோ வரைவு என்றே பெயர் வந்தது. அரசுகள் ஒன்றுகூடி அதற்குச் சட்டவடிவம் கொடுக்கும் மாநாட்டை 1940இல் நடத்துவதாக இருந்தது. 1939இல் போர் மூண்டது. மாநாடு நடக்கவில்லை, வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. போர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, நம்மைப் போன்றவர்களைக் காக்கும் சட்டம் எழுதி முடிக்கப்படாத காகிதமாகக் கிடந்தது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தபாருவில் இறங்கின. டிசம்பர் 11ஆம் நாள் பினாங்கு ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. குண்டுவீச்சு என்றால் என்ன என்று அறியாத மக்கள், வானத்தில் விமானங்களைப் பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள். அப்படி நின்றவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. அதைத் தொடர்ந்து சிங்கப்பூரில் சீன ஆடவர்களை வரிசையாக நிறுத்திப் பிரித்தெடுத்துக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொன்ற கொடுமையும் நடந்தது. ஆகவே இது ஓர் இனத்தார் மட்டும் அழுத கதையல்ல.

தோட்டங்களின் நிலை என்ன? ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த நாடுகளுக்குக் கப்பல் போக வழியில்லை. துரைமார்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். வெட்டாத மரங்கள் நின்றன, வேலை நின்றது, அரிசி வரத்தும் நின்றது. அன்றாடம் பெரட்டில் பேர் கொடுத்து, அன்றாடம் உழைத்துச் சாப்பிட்ட குடும்பங்கள் கிழங்கு நட்டுப் பிழைத்தன.

இந்த வேளையில் ஜப்பானியருக்கு ஒரு தேவை எழுந்தது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப வேண்டும். கடல்வழியில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. எனவே சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தூரம், காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். 1942இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் ஈடுபடுத்தப்பட்டார்கள். அவர்கள் போதவில்லை. 1943இல் வேலையை விரைவுபடுத்த உத்தரவு வந்தபோது மலாயாவிலும் பர்மாவிலும் ஜாவாவிலும் ஆள் பிடித்தார்கள்.

மலாயாவில் முதலில் ஆசை வார்த்தை காட்டினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், மருந்து என்றார்கள். பட்டினி கிடந்தவர்களுக்கு அது பெரிய வாக்கு. முதலில் போனவர்களிடமிருந்து செய்தி வராததால் அடுத்து யாரும் முன்வரவில்லை. அப்போது பலவந்தம் தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றினார்கள் என்று அக்காலத்தவர் பலர் சொல்லியிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து இப்படிப் போனவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் இருந்தார்கள். சிலர் மனைவி மக்களோடும் போனார்கள்.

சரக்கு ரயில் பெட்டிகளில் அடைபட்டு, பல நாள் பயணம் செய்து பான் போங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து பலர் காட்டுவழியே நடந்தார்கள். ஓலைக் கொட்டகை, கூரை ஒழுகும் மழைக்காலம், புழுத்த அரிசி, ஆற்றுத் தண்ணீர். 1943 மே மாதம் முதல் காலரா பரவியது. அதோடு சீதபேதி, மலேரியா, எலும்பு தெரியும் அளவுக்குப் புரையோடிய கால்புண். நோயாளியும் வேலைக்கு விரட்டப்பட்டார்.

போர்க்கைதிகளுக்கும் இதே கொடுமைதான். ஆயினும் அவர்களிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று சொல்லவும், அதை நடத்திக் காட்டவும் ஓர் ஒழுங்கு இருந்தது. தோட்டத்திலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு இவை எவையும் இல்லை. போர்க்கைதிகளில் ஐவருக்கு ஒருவர் என்ற அளவில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் அதைப் போலப் பல மடங்கு. 70,000 என்றும், 90,000 என்றும், அதற்கும் மேல் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இக்கணக்குகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன? அவர்களுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் இல்லை. காரணம் அவ்வளவுதான்.

அந்த இருளிலும் சிறு வெளிச்சம் இருந்தது. 1943இன் நடுவில், சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து கே படை, எல் படை என்ற பெயர்களில் போர்க்கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தாங்களே கைதிகள், மருந்தும் கருவியும் மிகக் குறைவு. இருந்தும் மொழி தெரியாத தொழிலாளருக்குத் தங்களால் இயன்ற பணியைச் செய்தார்கள். காஸ்டிலியோனேயில் ஊர்மக்கள் வீரர்களைக் காத்தார்கள். சயாம் காட்டில் சிறைப்பட்ட வீரர்கள் ஊர்மக்களைக் காக்க முயன்றார்கள். மனிதத்தன்மைக்குச் சீருடை தடையல்ல என்பதற்கு இவை இரண்டும் சான்று.

நேயர்களே, பொதுமக்களுக்குத் தீங்கு செய்தவர்கள் எல்லாக் காலத்திலும் சில சாக்குகள் சொல்வதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

முதல் சாக்கு: "போருக்குத் தேவையாக இருந்தது." அந்த ரயில் பாதை ஜப்பானியருக்குத் தேவைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தேவை இருக்கிறது என்பதாலேயே எல்லாம் நியாயமாகிவிடுமா? தேவை இல்லாதபோது அறம் பேசுவது யாருக்கும் எளிது. தேவை முட்டும்போது எந்த எல்லையில் நிற்கிறோம் என்பதற்குத்தான் அறம் என்று பெயர். என் வீடு கட்டுவதற்குப் பலகை தேவை என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டாவது சாக்கு: "நாங்கள் கொல்லவில்லை, நோயில் இறந்தார்கள்." இது கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவர்களைவிடக் காலராவில் போனவர்களே அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து, அவன் கிணற்றிலிருந்து, அவனைக் கவனிக்கும் உறவிலிருந்து பிரித்துக் காட்டுக்குக் கொண்டுபோனவன், அந்த நிமிடத்திலிருந்தே அவனுடைய சோற்றுக்கும் தண்ணீருக்கும் மருந்துக்கும் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பைக் கைகழுவினால், வரும் மரணம் இயற்கை மரணமல்ல. வாளால் வெட்டுவதும் கொலை. தண்ணீர் கொடுக்காமல் விடுவதும் கொலை.

மூன்றாவது சாக்கு: "அவர்கள் எங்கள் குறியல்ல, குறுக்கே அகப்பட்டுக்கொண்டார்கள்." இந்தச் சாக்கைச் சொன்னவர்கள் ஜப்பானியர் மட்டுமல்லர். 1944, 1945ஆம் ஆண்டுகளில் நேச நாட்டு விமானங்கள் அந்த ரயில் பாதையின் மீது மீண்டும் மீண்டும் குண்டு வீசின. படைக்கு ஆயுதம் கொண்டுபோகும் பாதையைத் தாக்குவது போர்முறைப்படி தவறல்ல. ஆனால் பாதையை ஒட்டியே முகாம்கள் இருந்தன. 1944 செப்டம்பரில் நோங் பிலாடுக் ரயில் நிலையப் பகுதியில் நடந்த ஒரு குண்டுவீச்சில் மட்டும் ஏறத்தாழ 100 போர்க்கைதிகள் தங்கள் பக்கத்துக் குண்டாலேயே மாண்டார்கள். பாதையைப் பழுதுபார்க்க வைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களுக்கும் அதே ஆபத்துத்தான்.

இங்கே தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. குண்டு போடாமல் விட்டால் போர் நீளும். போர் நீண்டால் இன்னும் பலர் சாவார்கள். போட்டால் கீழே நிற்கும் அப்பாவி சாவான். இதற்கு அறம் சொல்லும் விடையில் இரு பகுதிகள் உண்டு. தாக்குபவன், தான் அடையப்போகும் பயனையும் அப்பாவிகளுக்கு வரப்போகும் அழிவையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். நேரத்தையும் ஆயுதத்தையும் தேர்ந்தெடுத்து அழிவைக் குறைக்க வேண்டும். அழிவு மிகும் என்றால் கையை மடக்க வேண்டும். மற்றவனோ, நிராயுதபாணிகளைக் கொண்டுபோய்க் குறியின் அருகே குடிவைக்கக்கூடாது. ஒருவன் தன் கடமையில் தவறினான் என்பதால் மற்றவனுடைய கடமை நீங்கிவிடாது.

நான்காவது சாக்கு: "அவர்கள் எதிரிக்கு உதவியவர்கள்." இதற்கும் நம் நாட்டிலேயே, அதுவும் ஒரு ரப்பர் தோட்டத்திலேயே, கசப்பான சான்று உண்டு. அவசரகாலம் தொடங்கிய 1948ஆம் ஆண்டு டிசம்பரில், சிலாங்கூர் பத்தாங்காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் 24 சீன ஆடவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களிடம் ஆயுதம் இல்லை. தப்பி ஓடும்போது சுடப்பட்டார்கள் என்று அன்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. 1970இல், அந்தப் படையில் இருந்த சிலரே அப்படி நடக்கவில்லை என்று பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றிடம் சொன்னார்கள். குடும்பத்தார் தொடுத்த வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2015இல் அந்த நீதிமன்றம், பொது விசாரணை நடத்த அரசு கடமைப்பட்டதல்ல என்று தீர்ப்பளித்தது.

கம்யூனிஸ்டுகளுக்கு உதவியிருக்கலாம் என்ற சந்தேகம், விசாரணையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சந்தேகம் குற்றமாகாது. குற்றமே இருந்தாலும் அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. துப்பாக்கி நீதிபதி அல்ல. ஜப்பானியர் செய்தால் கொடுமை, வேறொருவர் செய்தால் கடமை என்று அறத்துக்கு இரண்டு படி கிடையாது. உழக்கு ஒன்றுதான்.

போர் முடிந்தபின் என்ன நடந்தது? சயாமில் காஞ்சனபுரி என்னும் ஊரில், அழகாகப் பராமரிக்கப்படும் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். அது செய்ய வேண்டிய மரியாதைதான். ஆனால் அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு மாண்ட தொழிலாளருக்கு அப்படி ஒரு கல் இல்லை. 1990இல், அதே ஊரில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன.

1951இல் ஜப்பானோடு செய்யப்பட்ட சமாதான ஒப்பந்தம், துன்புற்ற போர்க்கைதிகளுக்கு நிதி வழங்க வழி செய்தது. தொழிலாளரை அந்தப் பகுதி குறிப்பிடவில்லை. 1967இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நாட்டுக்குக் கப்பல்கள் வந்தன. தோட்டத்து விதவையின் கைக்கு எதுவும் வரவில்லை. 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் உலகமெங்கும் ஓடியது. அதிலும் கதை போர்க்கைதிகளின் கதையாகவே இருந்தது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று தெரியும். காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடுவார். வந்தவருக்குப் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். பேர் விழாதவர் அன்று உழைத்தும் உழைக்காதவரே. உலகம் நடத்திய பெரட்டிலும் அப்படித்தான் நடந்தது. வீரனுக்குப் பேர் விழுந்தது, தொழிலாளிக்கு விழவில்லை. கணக்கில் வராதவனுக்கு நியாயம் கேட்க யாராலும் முடியாது. பொதுமக்களுக்குப் போர் செய்யும் தீங்குகளில் கடைசித் தீங்கு இதுதான்: கொல்வது மட்டுமல்ல, கொன்றதை எண்ணாமலும் விடுவது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1949 ஆகஸ்ட் 12ஆம் நாள், ஜெனீவாவில் நான்கு உடன்படிக்கைகள் நிறைவேறின. நான்காவது உடன்படிக்கை முழுக்க முழுக்கப் பொதுமக்களுக்கானது. டோக்கியோ வரைவாகத் தேங்கிக் கிடந்த எண்ணம், பல கோடி உயிர்கள் போன பிறகு சட்டமாயிற்று. அதன் விதிகளைப் படித்தால் சயாம் பாதையைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது போலவே இருக்கும். பிடித்த நாட்டு மக்களை வேறு நாட்டுக்குப் பலவந்தமாகக் கொண்டுபோகக்கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவரைக் கட்டாய வேலையில் ஈடுபடுத்தக்கூடாது. மற்றவரைக் கட்டாயப்படுத்தினாலும், அந்த நாட்டுக்குள்ளேயே, நியாயமான கூலிக்கு. போர் நடவடிக்கையில் பங்குகொள்ளும் வேலை கூடாது. உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வதும், தொற்றுநோயைத் தடுப்பதும் பிடித்த அரசின் கடமை. ஒருவர் செய்ததற்காக ஊரையே தண்டிக்கக்கூடாது. ஓர் இடத்தைத் தாக்குதலிலிருந்து காப்பாற்றிக்கொள்ள மக்களை அங்கே கேடயமாக நிறுத்தக்கூடாது. தடுத்து வைக்கப்பட்டவர் இறந்தால் இயன்றவரை தனிக் குழியில் மரியாதையோடு அடக்கம் செய்து, அடையாளம் இட வேண்டும்.

நம் நாடு 1962இல் இந்த உடன்படிக்கைகளில் சேர்ந்தது. இன்று உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. 1977இல் சேர்க்கப்பட்ட கூடுதல் விதிகள், போர்வீரரையும் பொதுமக்களையும் எப்போதும் பிரித்துப் பார்க்க வேண்டும், படைத்துறைக் குறிகளை மட்டுமே தாக்க வேண்டும், பயனுக்கு மிஞ்சிய அழிவு வரும் என்றால் தாக்கக்கூடாது என்று இன்னும் தெளிவாக்கின.

சட்டம் வந்துவிட்டதால் கொடுமை நின்றுவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். நிற்கவில்லை. அதன் பிறகும் உலகில் எத்தனையோ போர்களில் ஊர்கள் எரிந்திருக்கின்றன, மருத்துவமனைகள் இடிந்திருக்கின்றன. அப்படியானால் சட்டத்தால் என்ன பயன்? திருட்டு நடக்கிறது என்பதற்காகத் திருட்டுச் சட்டத்தை யாரும் வீண் என்று சொல்வதில்லை. சட்டம் இருப்பதால்தான் நடந்ததைத் திருட்டு என்று பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. 1943இல் தன் கணவனைத் தேடிய தோட்டத்துப் பெண்ணுக்கு, "இது குற்றம்" என்று சுட்டிக்காட்ட முழுமையான ஒரு சட்டம் கையில் இல்லை. இன்று எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அது உண்டு. அந்தக் கேள்வியை உரக்கக் கேட்கும் மக்கள் இருக்கும் வரையில்தான் அந்தச் சட்டத்துக்கும் உயிர் உண்டு.

ஆகவே ஏதாவது ஒரு போர்ச் செய்தி காதில் விழும்போது, எந்தக் கட்சி வென்றது என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், ஆயுதம் ஏந்தாதவர்கள் எத்தனை பேர் மாண்டார்கள், அவர்கள் பெயர் எங்கே எழுதப்பட்டது என்றும் கேட்கப் பழகுவோம். அவர்கள் நம் இனமா, நம் சமயமா என்று பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. காஸ்டிலியோனேயின் பெண்கள் பார்த்துக் கேட்கவில்லை.

இன்னொரு கடமை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2023இல் காஞ்சனபுரியில், மாண்ட தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய மரபு. ஆயுதமே ஏந்தாமல் போரில் விழுந்த தொழிலாளிக்கும் கல் நட்டது அந்த மரபுக்குப் பெருமை. ஆனால் ஒரு கல் எல்லாப் பெயரையும் தாங்காது. உங்கள் குடும்பத்தில் பாட்டன், முப்பாட்டன், அவர்தம் அண்ணன் தம்பிமார் எவரேனும் சயாமுக்குப் போயிருந்தால், அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து போனார், உடன் போனவர் யார் என்பதைத் தெரிந்த பெரியவரிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள்; எழுதும் பிள்ளைக்கு அது மறக்காது.

உலகத்தின் செக்ரோலில் விழாத பேர் வீட்டு நோட்டிலாவது விழட்டும். ஒவ்வொரு பேரும் எழுதப்படும்போது, அவர் எண்ணிக்கையாக அல்ல, மனிதராக நினைக்கப்படுகிறார். போர் அவரிடமிருந்து பறித்தவற்றில் இந்த ஒன்றையாவது நம்மால் திருப்பிக் கொடுக்க முடியும்.